பகுதிநேர வீரர், முழுநேரப் பணி: பிராந்திய ராணுவம் அழைத்தால் சிப்காட் தொழிலாளியின் வேலை என்னவாகும்?

2025 மே 9. ஆபரேஷன் சிந்தூர் தொடங்கி மூன்றாவது நாள். டிவியில் ட்ரோன், பிளாக்அவுட், எல்லை ஊர்களின் பெயர்கள் என்று ஸ்க்ரோலிங் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், மத்திய பாதுகாப்பு அமைச்சகத்தின் ஓர் உத்தரவு நகல் வாட்ஸ்அப் குரூப்களில் சுற்ற ஆரம்பித்தது. தேவைப்பட்டால் 'டெரிட்டோரியல் ஆர்மி' எனப்படும் பிராந்திய ராணுவத்தின் அதிகாரிகளையும் வீரர்களையும் பணிக்கு அழைத்துக்கொள்ள ராணுவத் தலைமைத் தளபதிக்கு அதிகாரம் கொடுத்த உத்தரவு அது.

தமிழ்நாட்டில் உடனே எழுந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "அப்போ தல தோனியும் போருக்குப் போறாரா?"

அடுத்த நாள் மாலையே சண்டை நிறுத்தம் வந்தது. மீம்ஸும் அடங்கிப் போச்சு. ஆனால் அந்த உத்தரவு அடங்கவில்லை. அது 2028 பிப்ரவரி 9 வரை அமலில் இருக்கிறது. தோனியை விடுங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஃபிட்டராகவோ, திருவள்ளூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஆபரேட்டராகவோ இருந்துகொண்டே பிராந்திய ராணுவத்திலும் பெயர் கொடுத்திருக்கும் ஒருவருக்கு அந்த உத்தரவு என்ன செய்யும்? சண்டை நாலு நாளில் முடியாமல் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இழுத்தால்? விரிவாகப் பார்ப்போம்.

உத்தரவில் என்ன இருக்கிறது?

1948ஆம் ஆண்டு பிராந்திய ராணுவ விதிகளில் 33ஆவது விதி என்று ஒன்று உண்டு. முக்கிய இடங்களுக்குக் காவல் போடவோ, வழக்கமான ராணுவத்துக்குத் துணையாகவோ பிராந்திய ராணுவத்தினர் ஒவ்வொருவரையும் அழைக்கலாம் என்று சொல்லும் விதி. அதன்கீழ்தான் 2025 மே 6 தேதியிட்ட உத்தரவு வந்தது.

மொத்தம் இருக்கிற 32 காலாட்படை பட்டாலியன்களில் 14 பட்டாலியன்களை முழுநேரப் பணியில் இறக்கலாம் என்கிறது அந்த உத்தரவு. எங்கே? வடக்கு, மேற்கு, கிழக்கு, தெற்கு, மத்திய, தென்மேற்கு என்று ராணுவத்தின் எல்லா கமாண்டுகளிலும், அந்தமான் நிக்கோபாரிலும், ராணுவப் பயிற்சி கமாண்டிலும். காலம், 2025 பிப்ரவரி 10 முதல் 2028 பிப்ரவரி 9 வரை, மூன்று வருடம்.

தேதியைக் கவனித்தீர்களா? உத்தரவு வந்தது மே மாதம், கணக்கு தொடங்குவது பிப்ரவரியில். அதாவது பஹல்காம் தாக்குதலுக்கும் முன்னால். போர் மூண்டதால் திடீரென்று எடுத்த முடிவு மாதிரி அது பரவினாலும், உள்ளே இருப்பது மூன்று வருடத்துக்கான ஏற்பாடு. 'பகுதிநேரம்' என்று பெயர் வைத்த படையில் கிட்டத்தட்ட பாதியை மூன்று வருடம் முழுநேரமாக வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் இதில் உண்மையான செய்தி. அது மீம்ஸில் வரவே இல்லை.

இன்னொரு வரியும் இருக்கிறது. பட்ஜெட்டில் பணம் ஒதுக்கப்பட்டிருந்தாலோ, உள்ளுக்குள் மிச்சம் பிடித்த பணத்தைத் திருப்பிவிட முடிந்தாலோ மட்டும்தான் வீரர்களை அழைக்க முடியும். வேறு ஒரு அமைச்சகம் கேட்டு அழைத்தால் செலவு அந்த அமைச்சகத்தின் கணக்கில். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

யார் இந்தப் பிராந்திய ராணுவம்?

இதற்கும் தமிழ்நாட்டுக்கும் தொடக்கத்திலேயே ஒரு தொடர்பு இருக்கிறது. 1948ல் சட்டம் வந்தது. 1949 அக்டோபர் 9 அன்று படையை முறைப்படி தொடங்கி வைத்தவர் அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. அதனால்தான் இன்றும் அக்டோபர் 9 பிராந்திய ராணுவ தினம்.

ஐடியா எளிமையானது. டாக்டர், வக்கீல், கடைக்காரர், தொழிற்சாலை ஊழியர் என்று சொந்த வேலையில் இருப்பவர்கள் வருடத்தில் சில வாரம் யூனிஃபார்ம் போட்டுப் பயிற்சி எடுப்பார்கள். நாட்டுக்கு நெருக்கடி வந்தால் வேலையை விட்டுவிட்டு ராணுவத்தோடு நிற்பார்கள். நெருக்கடி முடிந்ததும் பழைய வேலைக்கே திரும்புவார்கள். அமைதிக் காலத்தில் பெரிய படையை வைத்துச் சம்பளம் கொடுக்கிற செலவு அரசுக்கு மிச்சம்.

முதல் வருடம் சுமார் ஒரு மாதம் ஆரம்பப் பயிற்சி. அதற்குப் பிறகு காலாட்படை யூனிட்களில் வருடத்துக்கு இரண்டு மாத முகாம். பயிற்சியிலோ பணியிலோ இருக்கும் நாட்களுக்கு, அதே ரேங்கில் இருக்கும் ராணுவ வீரருக்கு உள்ள சம்பளம். மற்ற நாட்களுக்கு ஒன்றும் கிடையாது.

தமிழ்நாட்டில் கோவையில் 110ஆவது பட்டாலியனும், திருச்சியில் 117ஆவது பட்டாலியனும் இருக்கின்றன. 2024 ஜூலையில் வயநாடு நிலச்சரிவு நடந்தபோது மீட்புக்குப் போனவர்களில் கேரளாவின் 122ஆவது பட்டாலியனும் ஒன்று. நடிகர் மோகன்லால் கௌரவ லெப்டினன்ட் கர்னலாக இருப்பது அதில்தான். தோனிக்கும் 2011ல் கொடுக்கப்பட்டது கௌரவப் பதவி. 2019ல் அவர் காஷ்மீரில் இரண்டு வாரம் பணியாற்றியது உண்மைதான். ஆனால் கௌரவ ரேங்க் வேறு, கையெழுத்துப் போட்டுச் சேர்ந்த சிப்பாய் வேறு. உத்தரவு வந்தால் ரயில் ஏற வேண்டியவர் இரண்டாவது ஆள்.

1962, 1965, 1971 போர்களில் பிராந்திய ராணுவம் இருந்தது. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இந்திய அமைதிப்படை இருந்தபோது அதிலும் இவர்களின் பங்கு உண்டு. இவை தொடங்கி முடிந்த கதைகள். சிக்கல் முடியாத கதையில் வருகிறது.

'இரண்டு மாதம்' எப்படி வருடக்கணக்கு ஆகிறது?

பஞ்சாப், காஷ்மீர், வடகிழக்கு. 1980களுக்குப் பிறகு இந்தியாவின் ராணுவ வேலையில் பெரும்பகுதி நாள் குறித்துத் தொடங்கும் போர் இல்லை, முடிவே தெரியாத உள்நாட்டுப் பாதுகாப்புப் பணி. சாலையைக் காக்க வேண்டும், பாலத்தைக் காக்க வேண்டும், வெடிமருந்துக் கிடங்கைக் காக்க வேண்டும். வழக்கமான ராணுவத்தை எல்லைக்கு அனுப்பினால் இந்தக் காவலுக்கு ஆள் வேண்டும். கையில் இருப்பது பிராந்திய ராணுவம்.

அதனால் ஒரு பட்டாலியனை அழைப்பார்கள். உத்தரவு முடியும்போது புதுப்பிப்பார்கள். மறுபடியும் புதுப்பிப்பார்கள். இப்படியே பல வீரர்கள் பத்துப் பதினைந்து வருடம் முழுநேரமாகவே ஓட்டிவிடுகிறார்கள். இது மிகைப்படுத்தல் இல்லை. ஓய்வூதிய விதியே சாட்சி சொல்கிறது: பிராந்திய ராணுவத்தில் சிப்பாய்க்கு ஓய்வூதியம் வேண்டுமென்றால், முழுநேரப் பணியில் கழித்த காலம் மட்டும் மொத்தம் 15 வருடம் இருக்க வேண்டும். அதிகாரிக்கு 20 வருடம். வருடத்துக்கு இரண்டு மாதம் என்று கணக்குப் போட்டால் 15 வருடப் பணியைச் சேர்க்க ஒரு ஆயுள் போதாது. அப்படி ஒரு விதி இருப்பதே, அவ்வளவு காலம் முழுநேரமாக இருப்பவர்கள் இருப்பதால்தான்.

14 வருடம் முழுநேரமாக இருந்துவிட்டு, பட்டாலியன் கலைக்கப்பட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கு? பணிக்கொடை கிடைக்கும், மாதாமாதம் ஓய்வூதியம் கிடைக்காது. அதற்குள் வயது நாற்பதைத் தொட்டிருக்கும். விட்டுவிட்டு வந்த வேலையில் அவருடைய இடத்தில் வேறு ஒருவர் சீனியர் ஆகியிருப்பார்.

இங்கே ஒரு முரண்பாடு இருக்கிறது, அதைச் சொல்லாமல் நகர முடியாது. பிராந்திய ராணுவம் தன்னைப் பற்றி அதிகாரப்பூர்வமாகச் சொல்வது, 'இது வேலைவாய்ப்பு இல்லை, ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும்' என்று. ஆனால் 2024 நவம்பரில் கோவையில் ஆள்சேர்ப்பு முகாம் நடந்தபோது பல மாநிலங்களில் இருந்து வந்து வரிசையில் நின்ற இளைஞர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது வேலைவாய்ப்புதான். ராணுவ வேலை கிடைக்காதவர்கள் கண்ணுக்கு அது ராணுவத்துக்குள் போகும் இன்னொரு கதவு. அரசு ஒன்றை மனதில் வைத்து ஆள் எடுக்கிறது, ஆட்கள் வேறொன்றை மனதில் வைத்துச் சேருகிறார்கள். சண்டை நீண்டால் இரண்டும் மோதும்.

காயம் பட்டால் யார் பொறுப்பு என்ற கேள்வியும் இதே இடத்தில்தான் வரும். சூழலியல் பணிக்கான பிராந்திய ராணுவ யூனிட்டில் முழுநேரமாக இருந்த ஒரு வீரர் விபத்தில் காலை இழந்தார். 80 சதவீத ஊனம். 'உங்கள் பிரிவுக்கு ஊனமுற்றோர் ஓய்வூதியம் கிடையாது' என்றது நிர்வாகம். ஆயுதப்படைத் தீர்ப்பாயமும் அதையே சொன்னது. கடைசியில் உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில், அவருக்கு அந்த ஓய்வூதியம் உண்டு என்று தீர்ப்பளித்தது. வென்றார். ஆனால் ஒற்றைக் காலோடு டெல்லி வரை போய்த்தான் வெல்ல வேண்டியிருந்தது.

கும்மிடிப்பூண்டியில் ஒரு கணக்கு

சென்னை சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் காலை ஷிப்ட்டுக்கு ஏறினால், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டும்போது பெட்டியில் தமிழோடு தெலுங்கு, இந்தி, ஒடியா எல்லாம் கேட்கும். இரும்பு உருட்டாலைகள், உதிரிபாகத் தொழிற்சாலைகள், தேர்வாய்கண்டிகை பக்கம் டயர் தொழிற்சாலை. இந்த வட்டாரத்துக்கும் ராணுவத்துக்கும் உறவு புதுசு இல்லை. ஆவடியில் டாங்கி தயாரிக்கும் கனரக வாகனத் தொழிற்சாலை இருப்பது திருவள்ளூர் மாவட்டத்தில்தான். சிப்காட் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிகளில் முன்னாள் ராணுவத்தினர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. மாதம் 18,000 ரூபாய் வாங்கும் ஒரு மெயின்டனன்ஸ் ஃபிட்டர். பிராந்திய ராணுவத்தில் சிப்பாயாகவும் இருக்கிறார். பட்டாலியன் அழைக்கப்படுகிறது. போகிறார். இரண்டு வருடம் கழித்து வருகிறார். கம்பெனி வேலை தருமா?

சட்டம் 'தர வேண்டும்' என்கிறது. பிராந்திய ராணுவச் சட்டத்தின் 7ஏ பிரிவு இதற்காகவே இருக்கிறது. ராணுவப் பணி முடிந்து திரும்புபவரை மறுபடியும் வேலையில் சேர்ப்பது முதலாளியின் கடமை. அதுவும், அவர் இடையில் போகாமலே இருந்திருந்தால் என்ன நிலையில் இருந்திருப்பாரோ அதற்குக் குறையாத நிலையில். 7பி பிரிவு, பி.எஃப். போன்றவற்றில் அவருக்கு உள்ள உரிமை பணிக்காலத்திலும் தொடர வழி செய்கிறது. 'இவனை ராணுவம் கூப்பிடப் போகுது' என்று தெரிந்து முன்கூட்டியே வேலையை விட்டு எடுத்தாலும் முதலாளி தப்ப முடியாது. அழைப்பாணை வந்தபிறகு எடுத்தால், சட்டத்தை ஏமாற்றத்தான் எடுத்தார் என்றே கருதப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி.

கேட்க நல்லா இருக்கு இல்லையா? இப்போ கீழே படிங்க.

முதலாளி 'முடியாது' என்றாலோ, 'சேர்ப்பது நடைமுறையில் சாத்தியம் இல்லை' என்றாலோ விஷயம் சட்டம் குறிப்பிடும் அதிகாரியிடம் போகும். அவர் மூன்றில் ஒன்றைச் செய்யலாம்: மறுபடி வேலை கொடுக்கச் சொல்லலாம், இழப்பீடு தரச் சொல்லலாம், அல்லது முதலாளிக்கு விலக்கே கொடுத்துவிடலாம். இழப்பீட்டுக்கு உச்சவரம்பு ஆறு மாதச் சம்பளம். நம் ஃபிட்டருக்கு அதிகபட்சம் 1,08,000 ரூபாய். அந்த அதிகாரியின் உத்தரவையும் மீறினால் முதலாளிக்கு அபராதம் ஆயிரம் ரூபாய் வரை. ஆமாம், ஆயிரம்தான். டைப்பிங் மிஸ்டேக் இல்லை. அதோடு ஆறு மாதச் சம்பளத்தைக் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடும்.

இரண்டு வருடம் நாட்டுக்காகப் போனவரின் வேலைக்கு ஒரு கம்பெனி போடக்கூடிய விலை, ஆறு மாதச் சம்பளமும் ஆயிரம் ரூபாயும். அனுபவமுள்ள ஒரு ஆளை மறுபடி சேர்ப்பதைவிட இது மலிவு என்று ஒரு ஹெச்.ஆர். மேனேஜர் நினைத்தால் அவர் கணக்கில் தப்புக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. பணி முடிந்து இரண்டு மாதத்துக்குள் 'என்னை மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்கவில்லை என்று முதலாளி நிரூபித்தால், அதுவே அவருக்குப் போதுமான எதிர்வாதம். எல்லையில் இருந்து வந்து, வீட்டைச் சரிசெய்து, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து முடிப்பதற்குள் இரண்டு மாதம் ஓடிவிடும்.

இதுவரை பேசியது நிரந்தரத் தொழிலாளியைப் பற்றி. கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் ஏராளமானவர்கள் கான்ட்ராக்ட் தொழிலாளிகள். அவர்களுக்கு 'முதலாளி' யார்? வேலை பார்ப்பது தொழிற்சாலையில், சம்பளச் சீட்டில் இருப்பது கான்ட்ராக்டர் பெயர். இரண்டு வருடத்தில் அந்த கான்ட்ராக்டரே மாறியிருக்கலாம். புது கான்ட்ராக்டர் 'எனக்கு இவரைத் தெரியாது' என்பார். பழையவர் 'என்கிட்ட இப்போ வேலையே இல்லை' என்பார். சட்டத்தில் இருக்கும் 'சாத்தியம் இல்லை' என்ற வார்த்தை இந்த இடத்தில் அப்படியே பொருந்திவிடும். பெரும்பாலானவர்கள் நிரந்தர வேலையில் இருக்கும் காலத்தை மனதில் வைத்து எழுதப்பட்ட சட்டம் இது. இன்றைய சிப்காட்டை அது பார்த்ததில்லை.

முதலாளி பக்கமும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஐந்நூறு பேர் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் இரண்டு பேர் போனால் ஓவர்டைம் போட்டுச் சமாளிக்கலாம். முப்பது பேர் வேலை பார்க்கும் சிறிய உருட்டாலையில், இருக்கிற ஒரே அனுபவமுள்ள கிரேன் ஆபரேட்டர் போனால் ஷிப்ட்டே நிற்கும். மாற்றாள் வைத்தாக வேண்டும். இரண்டு வருடம் கழித்து அந்த மாற்றாளை என்ன செய்வது? இதற்கு நம் சட்டம் சின்ன முதலாளிக்கு எந்த உதவியும் செய்வதில்லை. கடமையை மட்டும் சொல்கிறது.

இஸ்ரேலில் என்ன நடந்தது?

நீண்ட சண்டை ரிசர்வ் படையை என்ன செய்யும் என்பதற்குச் சமீபத்திய பெரிய உதாரணம் இஸ்ரேல். 2023 அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதலுக்குப் பிறகு 48 மணி நேரத்தில் சுமார் 3 லட்சம் ரிசர்வ் வீரர்களை அழைத்தது. அப்போது நாட்டின் மக்கள்தொகையே ஒரு கோடிக்குள்தான் இருந்தது. அழைக்காதவர்களும் வெளிநாட்டில் இருந்து விமானம் பிடித்து வந்தார்கள்.

அங்கே 2008ல் போட்ட சட்டப்படி, சாதாரண ரிசர்வ் சிப்பாய்க்கு மூன்று வருடத்தில் மொத்தம் 54 நாள்தான் பணி. காசா போரில் பலர் ஒரே வருடத்தில் இருநூறு நாளைத் தாண்டினார்கள். மூன்றாவது அழைப்பு, நான்காவது அழைப்பு என்று போனபோது முதல் நாள் வேகம் இல்லை. அழைத்தால் வருபவர்களின் எண்ணிக்கை குறைகிறது என்ற செய்திகள் 2025ல் அந்த நாட்டு ஊடகங்களிலேயே வந்தன. அதே வருடம் ஆகஸ்ட்டில், காசா நகரத் தாக்குதலுக்காக மேலும் 60,000 பேரை அழைக்க ஒப்புதல் கொடுக்கப்பட்டது.

இத்தனைக்கும் அங்கே ரிசர்வ் வீரரின் சம்பளத்தை ஈடுகட்ட தேசிய காப்பீட்டு அமைப்பு இருக்கிறது. பணியில் இருப்பவரை வேலையை விட்டு நீக்கவும் தடை இருக்கிறது. ஆனாலும் சம்பளம் ஈடுகட்டினால் கடை திறந்திருக்காது. சொந்தத் தொழில் செய்தவர்கள் வாடிக்கையாளரை இழந்தார்கள். மனைவி ஒற்றை ஆளாக வேலையையும் குழந்தைகளையும் பார்த்தார். அதோடு 'எல்லோரும் சுமக்கவில்லையே' என்ற கோபம் வேறு. தீவிர மதப் பழமைவாத யூத இளைஞர்கள் பல்லாண்டுகளாக ராணுவ சேவையில் இருந்து விலக்குப் பெற்று வந்தார்கள். அந்த விலக்குக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று 2024 ஜூனில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஐந்தாவது முறையாக பையைக் கட்டும் ஒருவருக்கு, பக்கத்துத் தெருவில் ஒருமுறைகூட கட்டாதவர் இருப்பது தெரிந்தால் என்ன தோன்றும்?

அமெரிக்கா, உக்ரைன், ரஷ்யா, இலங்கை

இராக் போரின்போது 2005ல் ஒரு கட்டத்தில், அங்கிருந்த அமெரிக்கப் படையில் பத்துக்கு நான்கு பேர் நேஷனல் கார்டு, ரிசர்வ் வீரர்கள். 2004 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ரிசர்வ் படையின் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹெல்ம்லி, தன் படை வேகமாக உடைந்துகொண்டிருக்கிறது என்று மேலிடத்துக்கே எழுதினார். அடுத்த வருடம் கேத்ரீனா புயல் லூசியானாவைத் தாக்கியபோது, மீட்புக்கு வர வேண்டிய அந்த மாநில நேஷனல் கார்டின் ஒரு பிரிகேட் இராக்கில் இருந்தது. வயநாட்டில் 122ஆவது பட்டாலியன் நின்றதை மேலே பார்த்தோம். மிக்ஜாம் மாதிரி இன்னொரு புயல் பொன்னேரி, மீஞ்சூரை மூழ்கடிக்கும் நாளில் நம் பட்டாலியன்கள் வேறெங்கோ இருந்தால் என்ற கேள்வி கற்பனை இல்லை.

வேலைப் பாதுகாப்பில் அமெரிக்கச் சட்டம் கடுமையானது. 1994ல் வந்த அந்தச் சட்டப்படி, ஒரே முதலாளியிடம் மொத்தம் ஐந்து வருடம் வரை ராணுவப் பணிக்காக விலகியிருந்தாலும் வேலை திரும்பக் கிடைக்க வேண்டும்.

உக்ரைனிலும் ரஷ்யாவிலும் பிரச்சினை வேறு மாதிரி: எப்போது வீட்டுக்கு? 36 மாதம் பணி முடித்தவர்களை விடுவிக்கும் பிரிவு ஒன்று உக்ரைனின் அணிதிரட்டல் மசோதாவில் இருந்தது. 2024 ஏப்ரலில் சட்டம் நிறைவேறியபோது ராணுவத் தலைமையின் கோரிக்கைப்படி அதை எடுத்துவிட்டார்கள். ரஷ்யா 2022 செப்டம்பர் 21 அன்று 3 லட்சம் பேரை அழைத்தது. அவர்களுக்குத் திரும்பும் தேதி குறிக்கப்படவில்லை. அடுத்த வருடக் கடைசியில் வீரர்களின் மனைவிமார் 'வீட்டுக்கு வழி' என்ற பெயரில் ஒன்றுசேர்ந்து, கணவர்களைத் திருப்பி அனுப்பக் கேட்டார்கள். போரை எதிர்த்தே பேசப் பயப்படும் நாட்டில் அது சின்ன விஷயம் இல்லை.

பக்கத்தில் இலங்கை. அங்கே தொண்டர் படை என்று ஒன்று பிரிட்டிஷ் காலத்தில் இருந்தே உண்டு. உள்நாட்டுப் போர் கால் நூற்றாண்டு இழுத்ததில் வழக்கமான படைக்கும் தொண்டர் படைக்கும் களத்தில் வித்தியாசமே இல்லாமல் போனது. படையை விட்டுச் சொல்லாமல் ஓடியவர்களின் எண்ணிக்கை பல்லாயிரம். அரசு திரும்பத் திரும்பப் பொதுமன்னிப்பு அறிவித்தது. போர் முடிந்த பிறகும் அறிவிப்பது நிற்கவில்லை.

மின்நிலைய ஊழியருக்கும் இது பொருந்துமா?

பலருக்குத் தெரியாத ஒரு பிரிவு 6ஏ. அரசு வேலையிலோ, பொதுப் பயன்பாட்டுச் சேவையிலோ இருக்கும் 20 வயது நிரம்பி 40 வயது முடியாதவரை, தேவைப்பட்டால் பிராந்திய ராணுவத்தில் பணியாற்றச் சொல்லலாம் என்கிறது. ரயில்வே, எண்ணெய் நிறுவனங்களுக்கு என்று தனி பிராந்திய ராணுவ யூனிட்கள் அமைந்த பின்னணி இதுதான். போர் நேரத்தில் ரயிலும் எண்ணெயும் நிற்கக் கூடாது.

வல்லூர் அனல்மின் நிலையம், வடசென்னை அனல்மின் நிலையம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், அங்கே உள்ள இந்தியன் ஆயிலின் எல்.என்.ஜி. முனையம் எல்லாம் ஒரே கடற்கரையில் வரிசையாக இருக்கின்றன. நாளைக்கே அங்கே யாரையும் ராணுவம் கூப்பிடப் போவதில்லை, பதற வேண்டாம். ஆனால் யோசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நீண்ட சண்டையில் மின்நிலைய இன்ஜினியரை எங்கே நிறுத்துவது? எல்லையிலா, பாய்லர் பக்கத்திலா? கிட்டத்தட்ட எல்லா நாடுகளும் கடைசியில் 'இவர் இங்கேயே இருக்கட்டும்' என்று ஒரு விலக்குப் பட்டியல் போட்டன. உக்ரைனில் முக்கிய நிறுவனங்களின் ஊழியர்களுக்கு அப்படி ஒரு ஒதுக்கீட்டு முறை நடக்கிறது. அந்தப் பட்டியலில் இல்லாதவர் மேல் சுமை இன்னும் கூடும் என்பது அதன் மறுபக்கம்.

சரி, இந்தியாவில் ஆபத்து எவ்வளவு?

நாட்டுப் பொருளாதாரத்துக்கு என்று கேட்டால், கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. இஸ்ரேலில் ரிசர்வ் படை என்பது பாதி சமூகம். இங்கே பிராந்திய ராணுவம் சில பத்தாயிரம் பேர், 140 கோடியில் ஒரு துளி. அவர்கள் போனதால் எந்த சிப்காட்டும் நிற்காது.

அதுவேதான் அவர்களுக்குச் சிக்கலும். இஸ்ரேலில் ரிசர்வ் வீரரின் பிரச்சினை தினமும் தலைப்புச் செய்தி, ஏனென்றால் வீட்டுக்கு வீடு ஒருவர் இருக்கிறார். இங்கே பட்டாலியன் அழைக்கப்பட்டதும் தெரியாது, வீட்டுக்கு அனுப்பப்பட்டதும் தெரியாது. வழக்கமான ராணுவ வீரரின் குடும்பத்துக்கு கன்டோன்மென்ட் இருக்கும், பக்கத்து வீட்டில் இன்னொரு ராணுவக் குடும்பம் இருக்கும். பகுதிநேர வீரரின் குடும்பம் கவரைப்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கும். 'உங்க வீட்டுக்காரர் கம்பெனிக்குப் போகலையா?' என்று கேட்கும் தெருவுக்கு, அவர் எங்கே இருக்கிறார் என்று முதலில் இருந்து விளக்க வேண்டும்.

பட்ஜெட் வரியை ஞாபகம் வைக்கச் சொன்னோம் இல்லையா? பணம் இருந்தால்தான் அழைப்பு என்றால், பணம் இல்லையென்றால் அனுப்பிவிடலாம் என்றும் அர்த்தம். வழக்கமான சிப்பாயை நிதியாண்டு முடிந்தது என்று வீட்டுக்கு அனுப்ப முடியாது. இவரை முடியும். அனுப்பிய அடுத்த நாளில் இருந்து ராணுவச் சம்பளம் நிற்கும், கம்பெனிச் சம்பளம் இன்னும் தொடங்கியிருக்காது.

நீங்களோ உங்கள் வீட்டில் யாரோ பிராந்திய ராணுவத்தில் இருந்தால், இப்போதே செய்ய முடிந்த சில வேலைகள் உண்டு. சேர்ந்த விவரத்தைக் கம்பெனிக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வையுங்கள். கான்ட்ராக்ட் வேலை என்றால் கான்ட்ராக்டருக்கு ஒரு நகல், தொழிற்சாலைக்கு ஒரு நகல். அழைப்பாணையையும் விடுவிப்பு உத்தரவையும் போட்டோ எடுத்து வீட்டில் ஒருவர் போனிலும் வைத்திருங்கள். திரும்பியதும் முதல் வாரத்திலேயே பழைய வேலைக்கான விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். வாயால் சொன்னேன் என்பது இரண்டு மாதக் கெடு முன்னால் நிற்காது.

இப்போதைய உத்தரவு 2028 பிப்ரவரி 9 அன்று முடிகிறது. அதற்கு முன்பு புதுப்பிக்கப்படுமா என்பது அந்த வருட எல்லை நிலவரத்தையும், அதற்கு முந்தைய வருட பட்ஜெட்டையும் பொறுத்தது. இழப்பீட்டை ஆறு மாதச் சம்பளத்தோடும், அபராதத்தை ஆயிரம் ரூபாயோடும் நிறுத்தும் 7ஏ பிரிவை மாற்ற வேண்டுமானால் உத்தரவு போதாது, அதற்கு நாடாளுமன்றத்தில் சட்டத்திருத்தம் வர வேண்டும்.